மகளிர் நலமும் முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை ஊர்ப்பள்ளிச் சுவரில் எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், நம் வீட்டுப் பெண்களுள் எத்தனை பேர் நோய் வருவதற்கு முன் மருத்துவமனை வாயிலை மிதித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும். பிள்ளைப்பேற்றுக்காகச் சென்றிருப்பார்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடச் சென்றிருப்பார்கள், கணவருக்குத் துணையாகச் சென்றிருப்பார்கள். தமக்காக, தம் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கென்று சென்றவர்கள் மிகச் சிலரே.

உடல்நலம் குறித்த கட்டுரைகள் ஆண்டு மலர்களில் வழக்கமாக இடம்பெறுபவைதாம். எனினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு நூலன்று. என் பெரியம்மாவின் வாழ்க்கை. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரியம்மாவின் கதை

என் தாயாரின் மூத்த சகோதரி அவர். களையெடுப்பு, நாற்று நடவு, பூப்பறிப்பு என்று கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் செல்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றபோது, "நம்ம வம்சத்துல நீதான்டி காலேஜு வாசல மிதிக்கணும்" என்று கூறி ஒரு ஜியாமெட்ரி பெட்டி வாங்கித் தந்தவர். அப்பெட்டி இன்றும் என்னிடம் உள்ளது.

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டது. "உடம்புச் சூடு" என்று எண்ணி வெந்தயம் ஊறவைத்த நீரைக் குடித்தார். வெள்ளைப்பூசணிச் சாறு குடித்தார். வெளியில் சொல்லக் கூச்சம். உடன்பிறந்த என் தாயாரிடம் கூட எட்டு மாதங்கள் சொல்லவில்லை. இடுப்புவலி தாங்காமல் நடவு வயலிலேயே உட்கார்ந்துவிட்ட பின்னர்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கருப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார்கள்.

"இதற்கு முன் எப்போதாவது பரிசோதனை செய்துகொண்டீர்களா, அம்மா?" என்று மருத்துவர் கேட்டார். "நோவு இருந்தாத்தானம்மா ஆசுபத்திரிக்கு வரணும்?" என்றார் பெரியம்மா. மருத்துவர் பதில் சொல்லவில்லை. கதிரியக்கச் சிகிச்சை அளித்தார்கள். பதினான்கு மாதங்களில் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார். அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பெரியம்மாவிடம் ஒரு கறவை மாடு இருந்தது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போடும் முகாமுக்கு, அரை நாள் கூலியை இழந்தேனும், அம்மாட்டை ஓட்டிச் செல்வார். நோய் வருமுன் காக்க வேண்டும் என்ற அறிவு அவரிடம் இருந்தது. அது தம் உடம்புக்கும் பொருந்தும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் எவரும் இல்லை.

நோய் ஒரே நாளில் வருவதில்லை

கல்லூரிக்கு வந்து உயிரணுவியல் பயின்றபோதுதான் பெரியம்மாவுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்கு விளங்கியது. கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி யோனிக்குழாயுடன் சேரும் இடமே கருப்பை வாய். இவ்விடத்தில் தோன்றும் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா எனப்படும் வைரஸ் ஆகும். இதனை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசன் 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸில் பல வகைகள் உள. அவற்றுள் 16, 18 ஆகிய எண்களால் குறிக்கப்படும் இரு வகைகளே இப்புற்றுநோயில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபதுக்குக் காரணமாகின்றன.

இவ்வைரஸ் உடலுறவின் வழியே பரவுவது. மிகப் பரவலாகக் காணப்படுவது. திருமணமான பெண்களுள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகக்கூடும். ஆகவே இதில் ஒழுக்கக் குறைவு என்று எவரையும் பழிக்க இடமில்லை. தொற்று ஏற்பட்டவர்களுள் மிகப் பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே அதனை ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடும். சிலருக்கு மட்டும் அது நீங்காது தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கிய இடத்தில் உயிரணுக்கள் மெல்ல மெல்ல இயல்பு திரிகின்றன. திரிந்த உயிரணு புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும்.

இப்பதினைந்து ஆண்டுகளையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இக்காலம் முழுவதும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்குச் செல்வதில் தடையில்லை. ஆனால் பரிசோதித்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். அந்நிலையில் கண்டறிந்தால், மாறிய அப்பகுதியை மட்டும் உறைய வைத்தோ வெப்பத்தால் தீய்த்தோ சில நிமிடங்களில் அகற்றிவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. பல நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டியதுமில்லை. "நோவு இருந்தால்தானே வரவேண்டும்" என்று காத்திருப்பது, இப்பதினைந்து ஆண்டு வாய்ப்பையும் கைநழுவ விடுவதாகும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பாடம்

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் செய்யும் எளிய செயல்முறை ஒன்று உண்டு. கன்னத்தின் உட்புறத்தைச் சுத்தமான குச்சியால் மெல்லத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, மெத்திலீன் நீலம் ஒரு துளி இட்டு நுண்ணோக்கியில் காண்போம். தட்டையான செதில் உயிரணுக்களும் அவற்றின் நடுவே நீல நிறத்தில் உட்கருவும் தெரியும். "பாப் பரிசோதனை" எனப்படுவதும் ஏறத்தாழ இதே தத்துவத்தில் அமைந்ததே. கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை மெல்ல வழித்தெடுத்து, சாயமேற்றி, உட்கரு இயல்பாக உள்ளதா என்று பார்ப்பார்கள்.

இதனைக் கண்டவர் ஜார்ஜ் பாபனிகோலா. 1883 ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நியூயார்க்கில் கினிப்பன்றிகளின் இனப்பெருக்கச் சுழற்சியை ஆராயும் பொருட்டு, அவற்றின் யோனிக்குழாயிலிருந்து உயிரணுக்களை எடுத்து நாள்தோறும் நுண்ணோக்கியில் கண்டார். விலங்கில் கண்ட மாற்றங்கள் மனிதரிடத்தும் உண்டா என்று அறிய விரும்பியபோது, அவர்தம் துணைவியார் ஆண்ட்ரோமகி தம்மையே அந்த ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். புற்றுநோய் உயிரணுக்களை இம்முறையில் காண இயலும் என்று பாபனிகோலா 1928 இல் அறிவித்தபோது மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941 இல் ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேற்று மருத்துவருடன் இணைந்து விரிவான சான்றுகளை வெளியிட்ட பிறகே அது ஏற்கப்பட்டது. விலங்கியல் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கினிப்பன்றியின் கதையையே நான் விடையாகக் கூறுவேன்.

திண்டுக்கல் மாவட்டம் காட்டிய வழி

நுண்ணோக்கியும் ஆய்வாளரும் எல்லாச் சிற்றூர்களிலும் கிடைப்பதில்லை. அதற்கும் ஓர் எளிய வழி உண்டு. நீர் கலந்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலில் பயன்படும் வினிகர் போன்ற கரைசலை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இயல்பு திரிந்த பகுதி இருந்தால் வெண்மையாகத் தோன்றும். இதற்குப் பயிற்சி பெற்ற செவிலியரே போதும்.

இம்முறை உண்மையில் உயிரைக் காக்குமா? இவ்வினாவுக்கு விடை கண்டது நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே என்பது பெருமைக்குரியது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள மருத்துவ மையத்தைக் களமாகக் கொண்டு, 2000 ஆம் ஆண்டில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கப்பெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் இதில் இடம்பெற்றனர். 114 ஊர்த் தொகுதிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் வினிகர் முறையில் ஒருமுறை பரிசோதனையும் தேவையானோர்க்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. மற்றப் பிரிவினர்க்கு அன்று வழக்கிலிருந்த மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. முதற்பிரிவில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதித்துக்கொண்டனர்.

இதன் முடிவு 2007 ஆம் ஆண்டில் "லான்செட்" என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. பரிசோதனை நடைபெற்ற ஊர்களில் இப்புற்றுநோய் புதிதாக ஏற்படுவது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. செய்தது ஒரே ஒரு முறைப் பரிசோதனை; செய்தவர்கள் செவிலியர்கள்; பயன் பெற்றவர்கள் என் பெரியம்மாவைப் போன்ற சிற்றூர்ப் பெண்கள். இதனைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதன் பின் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் இப்பரிசோதனையைத் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் வசதி இருந்தும் நாம் செல்வதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களுள் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. இந்தியா முழுமைக்கும் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது என்றும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது.

யார், எப்போது, எதனைப் பார்க்க வேண்டும்?

பரிசோதனை என்றவுடன் ஆயிரக்கணக்கில் செலவாகும் "முழு உடல் பரிசோதனை" என்று அஞ்ச வேண்டியதில்லை. தேவையானவை சிலவே. அவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

வளரிளம் பருவத்தினர்: ஹீமோகுளோபின் அளவு பார்க்க வேண்டும். கருவுறாத பெண்களுக்கு நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை எனப்படும். மாதவிடாயில் இரும்புச்சத்து வெளியேறுவதாலும், வீட்டில் கடைசியாக உண்பவர்கள் பெண்களே என்பதாலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மேற்கூறிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுடையவர்கள் எனத் தெரியவந்தது. இதைப் படிக்கும் மாணவியரே, உங்கள் வகுப்பறையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒருமுறை பாருங்கள். மேலும், 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குப் பாப்பிலோமா வைரஸைத் தடுக்கும் ஊசியும் உண்டு.

கருவுற்ற தாய்மார்: குறைந்தது நான்கு முறையேனும் பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, எடை ஆகியவை இன்றியமையாதவை.

முப்பது வயதைக் கடந்தோர்: ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அழுத்தம் 140/90 அளவை எட்டினாலும், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினாலும் மருத்துவரைக் காண வேண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். செவிலியரோ மருத்துவரோ மார்பகத்தையும் பரிசோதிப்பார்கள். இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அதன் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லை என்பதாலேயே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கமுடையோர் வாயையும் காட்டுதல் நன்று.

மாதவிடாய் நின்றவர்கள்: நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது இயல்பன்று. உடம்புச் சூடு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இது பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டிய செய்தியும் அன்று.

ஓர் உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். எப்பரிசோதனையும் நூற்றுக்கு நூறு பிழையற்றதன்று. வெண்மையாகத் தெரிந்ததெல்லாம் புற்றுநோய் ஆகாது. மேலும் ஒரு பரிசோதனை தேவை என்பதே அதன் பொருள். ஒருமுறை நன்றாக இருந்ததனால் வாழ்நாள் முழுமைக்கும் உறுதிச் சீட்டு கிடைத்துவிட்டது என்றும் ஆகாது. ஆகவேதான் "குறித்த காலத்தில், தொடர்ந்து" என்று வலியுறுத்துகிறார்கள்.

தடைகளும் விடைகளும்

பெண்கள் ஏன் செல்வதில்லை? எங்கள் தெருவில் சிலரிடம் கேட்டேன். "ஒரு நாள் கூலி போய்விடும்" என்றார்கள். "ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?" என்று அஞ்சினார்கள். "அந்த இடத்தைப் போய்க் காட்டுவதா?" என்று நாணினார்கள். "உங்க மாமா என்ன சொல்வாரோ" என்றும் ஒருவர் கூறினார்.

இவற்றுள் எதனையும் அறியாமை என்று ஏளனம் செய்வதற்கில்லை. கூலியை நம்பி அடுப்பெரியும் வீட்டில் ஒரு நாள் என்பது சிறிதன்று. ஆயினும், பெரியம்மாவின் நோய்க்காக எங்கள் குடும்பம் இழந்த நாட்களை எண்ணினால் கணக்கு வேறாகிறது. 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்த்தது. அச்சத்துக்கு விடை, தொடக்கத்தில் கண்டால் தீரும் என்ற அறிவே. நாணத்துக்கு விடை, பரிசோதனை செய்பவர் பெண் செவிலியராக இருப்பதும், உடன் ஒரு பெண் துணையாகச் செல்வதும் ஆகும். மாமாக்களிடம் பேச வேண்டிய பொறுப்பு, இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களுடையது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்ற அப்பெருமாட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் நெஞ்சில் நீங்காது நின்று, 1954 இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. ஒரு வீட்டுத் துயரம் ஒரு நாட்டுக்கு நன்மையாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

என் தாயாரை அழைத்துச் சென்றேன்

மருத்துவமனை கட்டும் ஆற்றல் எனக்கில்லை. என்னால் இயன்றது, சென்ற அரையாண்டு விடுமுறையில் என் தாயாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றதே. "எனக்கென்னடி கேடு? நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்று நாட்கள் மறுத்தார். நான்காம் நாள், ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து அவர் முன் வைத்தேன். பேசாமல் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் பத்து நிமிடங்கள் கூட ஆகவில்லை. குறை ஏதுமில்லை என்றார் செவிலியர். ஆனால் ஹீமோகுளோபின் 8.6 கிராமே இருந்தது. இரத்த அழுத்தம் 150/96. "படியேறினா மூச்சு வாங்குது, வயசாகுதுல்ல" என்று அவர் இரண்டு ஆண்டுகளாகக் கூறிவந்தது வயதினால் அன்று; இரத்த சோகையினால் என்பது அன்றுதான் தெரிந்தது. வயது நாற்பத்து மூன்றுதான். இரும்புச்சத்து மாத்திரையும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் தந்தார்கள். மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் 10.8 ஆக உயர்ந்தது. இப்போது குழாயடியிலிருந்து இரண்டு குடம் நீரை இடையில் நிற்காமல் கொண்டுவருகிறார். அடுத்த வீட்டு அக்காவையும், "நீயும் ஒரு தடவ பாத்துட்டு வந்துரு" என்று அவரே அனுப்பி வைத்தார்.

முடிவுரை

கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்கும் திட்டத்தை உலக நலவாழ்வு நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வகுத்தது. 2030 க்குள் சிறுமியருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்குத் தடுப்பூசி, பெண்களுள் நூற்றுக்கு எழுபது பேர்க்குப் பரிசோதனை, நோய் கண்டவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்குச் சிகிச்சை என்பது அதன் குறிக்கோள். இவ்விலக்கை அடைய அரசும் மருத்துவர்களும் மட்டும் போதா. ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், என்னைப் போலவே, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் பெறும் கல்வி தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், வரிசையில் உடன் நிற்கவும், கூச்சப்படும் தாயின் கையைப் பிடித்துக்கொள்ளவும் அது பயன்பட வேண்டும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் அன்னையையோ அத்தையையோ பாட்டியையோ ஒருமுறை சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரை நாள்தான் ஆகும். என் பெரியம்மாவுக்கு அந்த அரை நாளை அளிக்க அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்று நமக்குத் தெரியும்.